கட்டைவிரல் வீடியோ

மூணு மேடத்தைத் தெரியாத பதிவறைக்காரர்கள் குறைவு. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. யாரும் அதை எடுத்துப் புழங்கவில்லை. எதைச் சேமித்தாலும் மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒரு பிரதியாவது வேறு கட்டடத்தில் என்று முகாமுக்கு முகாம் ஓதி ஓதி, கடைசியில் அந்த மூணு அவர் பெயரிலேயே வந்து ஒட்டிக்கொண்டது.

டிஜிட்டல் ஆவணங்களில் வைத்துக்கொள்ள வேண்டியதைத் தேர்ந்தெடுப்பது எப்படி, தேர்ந்தெடுத்ததைக் கெடாமல் காப்பது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி கொடுப்பதுதான் மேடத்தின் வேலை. நூலகம், மருத்துவமனை, நீதிமன்றம் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். விரும்பி வருகிறவர்கள் சொற்பம். யார் இல்லாவிட்டாலும் அலுவலகம் ஓடுமோ அவரை அனுப்பி வைப்பதுதான் எல்லா இடத்திலும் நடைமுறை. வந்தவர்கள் கடைசி வரிசையிலிருந்து நிரப்பிக்கொண்டு வருவார்கள். ஏசி குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு, டீ எப்போது என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கூட்டத்தை நிமிர்ந்து உட்கார வைக்க மேடத்திடம் ஒரு மருந்து இருந்தது. அதுதான் கட்டைவிரல் வீடியோ.

எடுத்தவர் மேடத்தின் அக்கா வீட்டுக்காரர். அக்காவைப் போட்டோ எடுக்கப் போய், தெரியாமல் வீடியோவை அமுக்கிவிட்டார். போதாக்குறைக்குக் கட்டைவிரல் லென்ஸை முழுசாக மூடிக்கொண்டது. ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் பட்டு விரல் சதை சிவப்பாகத் தெரியும், மற்றபடி கும்மிருட்டு. குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும்.

“இரு, இரு. இதுல எதை அமுக்கணும்? நீ சிரி. நீ பாட்டுக்குச் சிரிச்சிட்டே இரு. என்னமோ நம்பர் ஓடுதே! படம் விழுந்துருச்சா?”

அந்த ‘விழுந்துருச்சா’வில் வகுப்பு மொத்தமும் சிரித்துவிடும். சிரிப்பு கிளம்பியதும் மேடம் வீடியோவை நிறுத்திவிட்டு, பலகையில் பெரிதாக எழுதுவார்: பத்து நொடி போதும். ஒரு கோப்பை வைத்துக்கொள்வதா, தூக்கிப் போடுவதா என்று முடிவு செய்யப் பத்து நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டால், மலை மலையாக வந்து குவிகிற டிஜிட்டல் குப்பையில் மூச்சு முட்டித்தான் சாக வேண்டும் என்பது அவர் கட்சி.

“படம் கிடையாது. தேதி கிடையாது. யாரு பேசுறாங்க, எதுக்குப் பேசுறாங்கன்னு கிடையாது. இதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க? இரக்கமே பார்க்காதீங்க, தூக்குங்க.”

பிறகு செய்முறை. அக்காவின் போனிலிருந்து அக்கா சம்மதத்தோடு எடுத்த கோப்புகளை ஒரு கோப்புறையாகக் கட்டி வைத்திருந்தார். வந்தவர்கள் அதைத் தங்கள் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு, எதை வைக்கலாம், எதைக் கழிக்கலாம் என்று காரணத்தோடு பிரிக்க வேண்டும். மங்கலான கல்யாணப் படங்களில் சண்டை வரும். ஒரே நாய்க்குட்டியின் பதினேழு படங்களில் கைகலப்பே வரப் பார்க்கும். கட்டைவிரல் வீடியோவில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி.

மாமாவுக்கு இதில் கொள்ளைப் பெருமை. “நம்ம படத்தை ஆபீசருங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுறாங்களாம்” என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தார். எதற்காகக் காட்டுகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. மேடமும் வாயைத் திறக்கவில்லை.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் மாமா இறந்துபோனார்.

மேடம் அதற்குப் பிறகு செய்த காரியங்கள் எல்லாமே நல்ல எண்ணத்தில் செய்தவை. முதலாவது, போன மனிதரின் குரலைப் போட்டு ஊரைச் சிரிக்க வைப்பது நியாயமில்லை என்று அந்த வீடியோவை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக, ஸ்கேன் செய்த ஒரு வெற்றுத்தாளை வைத்தார். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. பழைய பயிற்சிக் கோப்புறை தேவையில்லாமல் போனதால், மேடம் வேலை பார்த்த காப்பகத்தின் விதிப்படி அழிக்கப்பட்டது. அந்த விதியை எழுதியவரும் மேடம்தான்.

இரண்டாவது, அக்காவின் போன். “நீதான் இதுல பெரிய ஆளாச்சே, எல்லாத்தையும் அடுக்கிக் கொடுடி” என்று அக்கா போனைக் கொடுத்தாள். மேடம் லீவு போட்டு உட்கார்ந்து, ஆயிரக்கணக்கில் கிடந்ததைச் சலித்து, முத்து முத்தாகத் தேர்ந்து, ஒவ்வொரு படத்துக்கும் எங்கே, எப்போது, யார் யார் என்று குறிப்பு எழுதி, ஆல்பமாக்கித் தந்தார். அக்காவின் டேப்லெட்டில் ஒன்று, ஹார்டு டிஸ்கில் ஒன்று, தன் வீட்டு பீரோவில் ஒன்று என்று மூன்று பிரதி. கட்டைவிரல் வீடியோ வந்தபோது பத்து நொடிகூட ஆகவில்லை; பல வருடப் பழக்கத்தில் கை தானாகத் தூக்கிப் போட்டது. பழைய போன் கடையில் எக்ஸ்சேஞ்சில் போய்ச் சேர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். இருவரும் காய்ந்த போர்வையை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்தக் கட்டைவிரல் வீடியோ எங்கேடி? நீ அடுக்கிக் கொடுத்ததுல தேடித் தேடிப் பார்த்துட்டேன், காணோம்.”

“அது எதுக்குக்கா?”

“எதுக்குன்னா? அவரு பேசினது அது ஒண்ணுதானே இருக்கு. போன்லகூட ‘ம்’னு சொல்லிட்டு வெச்சிடுற மனுஷன். மத்ததெல்லாம் போட்டோ. போட்டோல வாயை இறுக்க மூடிட்டு நிக்கிறாரு.” அக்கா போர்வையை உதறி இழுத்தாள். “மூஞ்சி அப்படியே கண்ணுல நிக்குது. குரல்தான் வரமாட்டேங்குது. போன மாசம் வரைக்கும் வந்துச்சு. இப்ப நெனச்சுப் பார்த்தா, நியூஸ் வாசிக்கிறவர் குரல்ல பேசுறாரு. எனக்குப் பயமா இருக்குடி.”

மேடத்தின் கையிலிருந்த முனை நழுவிக் கீழே விழுந்தது.

“இருக்கும்க்கா. தேடித் தரேன்.”

“உன்கிட்ட இல்லாமப் போகுமா? எதை எடுத்தாலும் மூணு வெச்சிருக்கிறவளாச்சே.”

மேடம் வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தார். ஆல்பம் இருந்தது. மற்ற இரண்டு பிரதிகளும் துளி பிசகாமல் இதேதான். மூன்றிலும் அந்த வீடியோ இல்லை. தன் தொழிலில் இப்படியும் ஒரு ஓட்டை இருக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தூக்கிப் போட்டதற்கு யாரும் பிரதி வைப்பதில்லை.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக சர்வர் அறைக்குப் போனார். சர்வர்காரர் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் பழைய பயிற்சிக் கோப்புறையைத் திரும்ப எடுக்க முடியுமா சார்?”

“அழிச்சாச்சே மேடம்.”

“அழிச்சதைத்தான் எடுக்க முடியுமான்னு கேட்கிறேன்.”

“திரும்பி வராத மாதிரி அழிக்கணும்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? அதனால அது இருந்த இடத்துல வேற எதையெதையோ மேல மேல எழுதி, நல்லா அழிச்சோம். ரொம்ப சுத்தமா வந்துச்சு மேடம்.”

பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு பார்த்தார். மேடம் பாராட்டிவிட்டு வெளியே வந்தார்.

பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. மேடம் அதில் நாலைந்து தடவை எழுதி எழுதி அழித்து, கடைசியில் கேட்டேவிட்டார்: பழைய செய்முறைக் கோப்புறையில் இருந்த கட்டைவிரல் வீடியோ யாரிடமாவது இருக்கிறதா?

பதில்கள் மளமளவென்று வந்தன. நூலகக்காரர் ஒருவர், “அதைத்தானே மேடம் முதல்ல தூக்கினோம்!” என்று எழுதிச் சிரிக்கிற முகம் போட்டார். நீதிமன்றப் பதிவறை அம்மாள், அதைத் தூக்கிப் போட்ட கையோடு தன் சொந்த போனிலும் அந்த மாதிரி இருந்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டதாகவும், வாழ்க்கையே லேசாகிவிட்டதாகவும் நன்றி தெரிவித்தார். ஒருவர், இது திடீர்த் தேர்வு என்று நினைத்துக்கொண்டு, “படம் இல்லை, தேதி இல்லை, பேசுபவர் அடையாளம் இல்லை, எனவே கழிக்கத்தக்கது” என்று பாடத்தையே ஒப்பித்தார். இத்தனை வருடத்தில் தான் சொன்ன ஒரே ஒரு பாடத்தை எல்லாரும் இப்படி ஒழுங்காகக் கேட்டிருப்பார்கள் என்று மேடம் கனவிலும் நினைக்கவில்லை. இவர்கள் கொஞ்சம் மக்குகளாக இருந்திருக்கக்கூடாதா என்று இருந்தது.

மக்கு என்றதும்தான் ஒருவர் நினைவுக்கு வந்தார்.

விலங்குக் காட்சிசாலையின் படப்பிரிவில் இருப்பவர். வகுப்பில் அவருக்குப் பெயர் நீர்யானைக்காரர். எதைக் கேட்டாலும் உதாரணத்துக்கு நீர்யானையை இழுத்துக்கொண்டு வருவார். செய்முறையில் அவர் ஒரு கோப்பைக்கூடக் கழிக்கவில்லை. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் காரணம் என்ற இடத்தில் ‘யாருக்காவது வேணும்’ என்று ஒரே வரியை எழுதியிருந்தார். வந்து உட்கார்ந்தாலே சான்றிதழ் கிடைக்கிற பயிற்சி அது. அதில் மேடம் தோல்வி போட்டது அவர் ஒருவருக்குத்தான். சான்றிதழ் இல்லாததால் அவர் வாட்ஸ்அப் குழுவிலும் இல்லை.

மேடம் காட்சிசாலைக்குப் போன் செய்து, யார் பேசுவது என்று சொல்ல ஆரம்பித்தார்.

“தெரியுது மேடம். நீங்க ஃபெயில் பண்ணின ஆளுதான் பேசுறேன்.”

“அந்தச் செய்முறைக் கோப்புறை உங்ககிட்ட இருக்கா சார்?”

“இருக்கும் மேடம். என்கிட்ட எது இல்லை? எங்கே இருக்குன்னு மட்டும் கேட்காதீங்க.”

மறுநாள் மேடம் நேரில் போனார். படப்பிரிவு, கிளிக்கூண்டுகளுக்குப் பின்னால் இருந்த ஒரு நீள அறை. ஹார்டு டிஸ்குகள் பிஸ்கட் டப்பாவில் கிடந்தன, இழுப்பறையில் கிடந்தன, ஜன்னல் விளிம்பில் வெயில் காய்ந்தன. எதன் மேலும் எழுத்து கிடையாது. திரையில் கோப்புறைகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. புதுசு என்பதற்குள் பழசு இருந்தது. பழசுக்குள் ரொம்பப் புதுசு இருந்தது. மேடத்துக்குக் கண்ணைக் கட்டியது. வேறு நாளாக இருந்தால் ஒரு மணி நேரம் பிரசங்கமே செய்திருப்பார். இன்றைக்கு இந்தக் குப்பைதான் அக்காவுக்குக் கதி.

பெயரை வைத்துத் தேட வழியில்லை. நீர்யானைக்காரர் பெயர்களை இஷ்டத்துக்கு மாற்றி வைப்பவர். ஆனால் மேடத்திடம் ஒரு பிடி இருந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு விரல்ரேகை உண்டு என்று அவர் வகுப்பில் சொல்லிக் கொடுப்பார். கோப்பை ஒரு நிரலுக்குள் கொடுத்தால், எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு வரியைத் தரும். பெயரை எப்படி மாற்றினாலும் அந்த வரி மாறாது. உள்ளே ஒரு புள்ளி மாறினால் வரியே மாறிப்போகும். அந்தப் பாடத்துக்கும் அவர் உதாரணம் காட்டியது கட்டைவிரல் வீடியோவைத்தான். கோப்பை அழித்தவர்கள், அந்த வரியைக் காட்டிய பாடப்படத்தை அழிக்கவில்லை. விரல் போய்விட்டது, ரேகை மட்டும் திரையில் அப்படியே நின்றது.

மேடம் அந்த வரியைக் கொடுத்து, ஒவ்வொரு டிஸ்காக மாட்டித் தேடவிட்டார். நிரல் ஊர்ந்தது. நீர்யானைக்காரர் டீ வாங்கி வந்து, காத்திருக்கிற நேரம் வீணாகக்கூடாது என்று நீர்யானைப் படங்களைக் காட்ட ஆரம்பித்தார். முக்கால்வாசி பின்பக்கம்.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கே சார்.”

“ஒரே மாதிரியா? இதுல காதை ஆட்டுது பாருங்க மேடம்.”

மேடம் பார்த்தார். ஆட்டத்தான் செய்தது.

பிஸ்கட் டப்பா முடிந்தது. இழுப்பறை முடிந்தது. ஜன்னல் விளிம்பும் முடிந்தது. எதிலும் இல்லை. வெளியே கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. அக்காவிடம் போய் என்ன சொல்வது என்று மேடம் மனதுக்குள் வார்த்தை தேடினார். “நான்தான் தூக்கிப் போட்டேன்” என்பதைத் தவிர வேறு சொல்ல எதுவும் இல்லை. தலையைக் குனிந்தபோதுதான் மேசைக் காலுக்கு அடியில் கறுப்பாக ஏதோ இருப்பது கண்ணில் பட்டது.

“அது என்ன சார்?”

“அதுவா? மேசை ஆடுச்சு மேடம். அதான் முட்டுக் கொடுத்தேன்.”

“அது டிஸ்கா?”

“நல்ல டிஸ்க்தான் மேடம். ஃபுல்லாயிடுச்சு.”

நீர்யானைக்காரர் மேசையைத் தூக்கிப் பிடிக்க, மேடம் தரையில் மண்டியிட்டு டிஸ்கை உருவினார். புடவைத் தலைப்பால் துடைத்து மாட்டினார். அது உள்ளே கடகடவென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, மனம் மாறியதுபோல் ஓடத் தொடங்கியது. நிரல் பாதி தூரம் போனதும் ஒரு வரி பச்சையாக மின்னியது. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்ற கோப்புறைக்குள், ‘தெரியல’ என்ற பெயரில் இருந்தது.

மேடம் இரண்டு வரிகளையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். ஒத்துப்போயின. ரேகை ஒத்துப்போனால் கோப்பு அதேதான், போட்டுப் பார்க்க வேண்டியதில்லை என்பதும் அவர் சொல்லிக் கொடுக்கும் பாடம்தான். போட்டுப் பார்க்க அவருக்குத் தைரியமும் இல்லை. அங்கேயே மூன்று பிரதி எடுத்துப் பைக்குள் பத்திரப்படுத்தினார்.

“அப்ப நான் பாஸா மேடம்?”

மேடத்துக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. ஆனாலும் யோசித்தார்.

“இல்ல சார். மேசை ஆடலைன்னா இது எங்கே போயிருக்கும்னு உங்களுக்கே தெரியாது. அடுத்த முகாமுக்கு வாங்க.”

“வந்தா மறுபடி ஃபெயில் பண்ணுவீங்க.”

“பண்ணுவேன்.”

“சரி, வரேன்.” அவருக்கு வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை.

டிஸ்க் போனதும் மேசை மறுபடி ஆடியது. மேடம் பையிலிருந்த தன் பயிற்சிக் கையேட்டை எடுத்து, நாலாக மடித்துக் காலுக்கு அடியில் செருகினார். அளவு கச்சிதமாக இருந்தது.

அன்று சாயங்காலமே அக்கா வீடு. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். மேடம் டேப்லெட்டை நடுவில் சாய்த்து வைத்து அமுக்கினார். திரை இருட்டானது. ஓரத்தில் சிவப்பு தெரிந்தது.

“இரு, இரு. இதுல எதை அமுக்கணும்?”

அக்கா இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மேடத்தின் உதடுகள் கூடவே அசைந்தன. அத்தனை வகுப்பில் கேட்ட பாடம். நீ பாட்டுக்குச் சிரிச்சிட்டே இரு. என்னமோ நம்பர் ஓடுதே. ‘விழுந்துருச்சா’ வந்தது. மேடத்தின் விரல், வகுப்பில் எழும்புவதுபோலத் தானாக எழும்பி, நிறுத்தப் போனது.

அக்கா அந்தக் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள். “கையை எடு.”

மேடத்துக்குத் தெரிந்த வீடியோ அங்கே முடிந்துவிட்டது. நிஜ வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதில் அக்கா சிரித்தாள். யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பிறகு மாமாவின் குரல், போனுக்கு வெகு பக்கத்தில், தணிந்து கேட்டது.

“சரி விடு. எனக்கு இந்த எழவெல்லாம் வராது. உன் தங்கச்சி வந்தா அவகிட்ட கொடு. அவ பத்திரமா வெச்சுப்பா.”

அத்தோடு நின்றது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இதான். இந்தக் குரல்தான்.” திரும்பித் தங்கையைப் பார்த்தாள். “உனக்கு என்னடி ஆச்சு?”

“அந்தக் கடைசி எனக்குத் தெரியாதுக்கா.”

“எந்தக் கடைசி?”

“என்கிட்ட கொடுக்கச் சொன்னது.”

“என்னடி சொல்றே? ஊருக்கே போட்டுக் காட்டினியே!”

“சிரிச்சதும் நிறுத்திடுவேன்.”

அக்கா டேப்லெட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று மேடத்துக்கு இருந்தது. இத்தனை வருடம், ஊர் ஊராக, தன்னை நம்பி ஒருவர் சொன்ன வார்த்தையைப் பாதியில் நிறுத்தி, இதைத்தான் முதலில் தூக்கிப் போட வேண்டும் என்று பாடம் நடத்தியிருக்கிறார். அவமானமாக இருந்தது. அதைவிட, மாமா இருந்திருந்தால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று இருந்தது. மேடம் மேசையில் தலையைச் சாய்த்து, வாய்விட்டு அழுதார்.

அக்கா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். தங்கை முதுகில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“அழுது முடிச்சிட்டுச் சொல்லு, மறுபடி போடுறேன். இந்தத் தடவை வாயை அசைக்காமக் கேளு.”

மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அக்கா அமுக்கினாள். மேடம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து கேட்டார்.